கொள்ளுக்குப் படிந்த குதிரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடற்கரைக் குதிரைச் சவாரி பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையில், குதிரை பழக்கும் ஒருவர் ‘அடியாத மாடு படியாது’ என்று சொல்லியிருந்தார். மாட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. குதிரைக்கு அது பொருந்தாது.

என் தகப்பனார் ராமேஸ்வரம் ரயிலடியில் ஜட்கா என்கிற குதிரை வண்டி ஓட்டியவர். அவரும் அடித்துத்தான் பழக்கினார். அவருக்குத் தெரிந்தது அதுதான். நான் வாங்கிய மட்டக்குதிரையோ கடிவாளத்தைக் கண்டாலே தலையை வானத்துக்குத் தூக்கிவிடும். கடைவாயில் பழைய தழும்புகள். யாரோ முள் கடிவாளம் போட்டு ஓட்டியிருக்கிறார்கள்.

மூன்று வாரம் அதன்மேல் ஏறவே இல்லை. கடிவாளத்தைக் கையில் நீட்டுவேன். மூக்கால் தொட்டால் ‘சரி’ என்பேன், உடனே உள்ளங்கையில் கொஞ்சம் ஊறவைத்த கொள்ளு. ‘சரி’ அந்த நொடியிலேயே விழ வேண்டும். தாமதித்தால், அதற்குள் தலையைத் திருப்பியிருக்கும். திருப்பியதற்குத்தான் கூலி என்று எடுத்துக்கொள்ளும். வெளிநாடுகளில் ‘கிளிக்கர்’ என்று டக்கென்று ஒலிக்கும் சிறு கருவி வைத்திருக்கிறார்கள். நாக்கைத் தட்டினால் போதாதா என்று நான் முதலில் நினைத்தேன். ஜட்காக்காரர் மகனுக்கு அப்படித் தோன்றியிருக்கவே கூடாது! நாக்கைத் தட்டினால் ‘கிளம்பு’ என்றல்லவா வண்டிக்குதிரைக்கு அர்த்தம்?

இன்னொரு தப்பும் செய்தேன். கொள்ளைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நாலே நாளில் பையைக் கடித்துக் கிழித்துவிட்டது. அதன்பிறகு, முகத்தை என்னிடமிருந்து விலக்கி நேரே வைத்தால் மட்டுமே தீனி. பிடுங்கினால் கிடைக்காது என்பதை அடி இல்லாமலே புரிந்துகொண்டது. கொள்ளு கையில் இல்லாவிட்டால், பிடரிமயிர் முடியும் மேட்டைச் சொறிந்துவிடுவேன். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிக்கொள்ளும் இடம் அது. சுகத்தில் உதடு நீண்டு தொங்கும்.

இப்போது பேரன் ஏறி உட்காரும்வரை அசையாமல் நிற்கிறது. கடிவாள வாரை லேசாகப் பிடித்தால் நிற்கும். நின்ற கணமே வாரைத் தளர்த்திவிட வேண்டும், அதுவும் அதற்கு ஒரு கூலிதான். அலைக்குள் மட்டும் இன்னும் இறங்க மாட்டேன் என்கிறது. நானும் அவசரப்படுத்தவில்லை.

நம் கரைக்காரர்களுக்கு ஒன்று: கடற்கரையில் தீனியை மணலில் கொட்டாதீர்கள். மணலும் சேர்ந்து உள்ளே போய்க் குடலில் தங்கி வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கப்பல் கப்பலாக வந்திறங்கிய குதிரைகள் சரியாகப் பராமரிக்கத் தெரியாததால் மடிந்துபோனதை எழுதிவைத்திருக்கிறார். படிக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

முள் வைத்த கடிவாளத்தை, வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு மத்திய விதிகளே தடை செய்கின்றன. கட்டுரையில் சவாரிக் கட்டணம் இருந்தது, சேணத்தின் நிறம்கூட இருந்தது, இது இல்லை. உங்கள் செய்தியாளர் அடுத்தமுறை வரும்போது குதிரையின் கடைவாயையும் ஒருமுறை பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஜட்காக்காரர் மகன்,
உச்சிப்புளி.