அளக்க விட்ட வீட்டார்க்கு ஒரு நன்றி மடல்

எங்கள் தெருப் பெரியோர்களுக்கும், அக்கா தங்கையர்க்கும், என் படிப்புக்குக் கைகொடுத்த மற்ற அனைவர்க்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து வணக்கம்.

நாற்பத்திரண்டு வயதில் உள்ளக வடிவமைப்புப் பட்டயப் படிப்பில் சேர்ந்த நான், மூன்றாண்டுகளை முடித்துச் சென்ற மாதம் சான்றிதழைக் கையில் வாங்கினேன். ஆங்கிலத்திலேயே எழுதிவிடலாமே என்று மகள் சொன்னாள். ஆனால் இந்தப் படிப்பில் எனக்கு மிகவும் பயன்பட்ட சொற்களை ஆயாமார்களிடம் தமிழில்தான் கேட்டேன் என்பதால், நன்றியும் தமிழிலேயே இருக்கட்டும்.

பதினெட்டு ஆண்டுகள் நான் திரைச்சீலை தைத்த கடை, 2021 ஜூலைக் கலவரத்தில் சூறையாடப்பட்டபின் திறக்கப்படவே இல்லை. தம் பிழைப்புக்கே வழி தெரியாமல் நின்ற அந்த வாரத்திலும், என் முதலாளியம்மா என் வேலையை விவரித்து இரண்டு பக்கக் கடிதம் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். பள்ளியிறுதி மதிப்பெண் போதாத எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது, செய்த வேலையையும் கல்வியாக மதிப்பிடும் ஏற்பாட்டினால்தான். அந்த மதிப்பீட்டுக்கு ஆதாரமாக இருந்தது அவருடைய கடிதம்.

முதலாண்டில், மக்கள் குடியிருக்கும் வீடு ஒன்றை அளந்து, 1:50 அளவில் தரைப்படமும், வீட்டை மேலிருந்து கீழாக வெட்டினால் உள்ளே தெரிவதைக் காட்டும் வெட்டுத்தோற்றமும் வரையச் சொன்னார்கள். மற்ற மாணவர்கள் புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் எங்கள் தெருவைத் தேர்ந்தெடுத்தேன். இனத்துக்கொரு பகுதி என்று மக்களைப் பிரித்துக் குடிவைத்த நிறவெறிக் காலத்துக் குழுப்பகுதிச் சட்டத்தின் பெயரால் நம் பெரியவர்களை அவர்கள் வாழ்ந்த இடங்களிலிருந்து பெயர்த்து, 1960-களில் நகராட்சி கட்டிக் குடியேற்றிய, ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய வீடுகள் இவை. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பார்கள். அறுபது ஆண்டுகளில் ஒவ்வொரு குடும்பமும் தாழ்வாரத்தை அடைத்து அறையாக்கி, மீன் பொரிக்கப் பின்னால் தனிச் சமையலறை கட்டி, மகன் கல்யாணத்துக்காகச் சுவரைத் தள்ளி வைத்திருப்பதால், உள்ளே போனால் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. ஏழு வீடுகளில் என்னை உள்ளே விட்டீர்கள். கட்டிலை நகர்த்தினீர்கள், அலமாரியைக் காலி செய்தீர்கள், ஓதம் ஏறிய சுவரை மறைக்காமல் காட்டினீர்கள். பிறத்தியார் பார்க்கக்கூடாது என்று நாம் மறைத்து வைக்கும் மூலைகளைத் திறந்து காட்டுவது எளிதல்ல என்பதை நான் அறிவேன்.

மூலைவீட்டுப் படத்தை ஆசிரியர் திருப்பி அனுப்பினார். அறைகளின் அகலத்தையும் சுவர்களின் கனத்தையும் கூட்டினால் வெளியளவுக்கு ஆறு சென்டிமீட்டர் குறைந்தது. மூன்று இரவு கணக்குப் பார்த்தும் பிழை பிடிபடவில்லை. தச்சுவேலை செய்யும் மாமா வந்து, என் கையிலிருந்த தையல் நாடாவை வாங்கித் தம் இரும்பு நாடாவின் பக்கத்தில் நீட்டிப் பார்த்தார். பல ஆண்டு இழுபட்ட துணிநாடா நீண்டுபோயிருந்தது. உள்ளே அந்த நாடாவால் அளந்ததெல்லாம் குறைவாகவே காட்டியிருக்கிறது. சிரிக்காமல் தம் நாடாவையே என்னிடம் கொடுத்துவிட்டு, அறையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, அவை ஒத்துவராவிட்டால் அறை கோணல் என்று அறிந்துகொள்ளும் வித்தையையும் சொல்லித்தந்தார். மூலைவீட்டின் முன்னறை கோணல்தான்.

எதிர்வீட்டு ஆயாவின் விளக்குமாடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காமாட்சி விளக்கு இருந்த பலகை அவருக்கு எட்டாத உயரத்தில் இருந்ததால், அவர் தினமும் பால்கூடை ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று திரியேற்றினார். மேல்பலகையின் அடியில் தட்டளவுக்கு வட்டமாகக் கருகியிருந்தது. பலகையைத் தரையிலிருந்து 1,150 மில்லிமீட்டருக்கு இறக்கி, விளக்குக்கு அடியிலும் பின்னாலும் பீங்கான் ஓடு பதித்து, மேலே ஒன்றுமில்லாமல் விட்டு நான் வரைந்ததைத் தச்சர் மாமா செய்து மாட்டினார். பெரிய ஓட்டல் முகப்பையெல்லாம் பிறகு வரைந்திருக்கிறேன். மதிப்பெண் கூடுதலாகக் கிடைத்தது என்னவோ இந்த மாடத்துக்குத்தான். வீட்டு அலங்காரம் படிக்கிறாயா, மெத்தையுறைக்கு நிறம் சொல் என்று கேட்டவர்கள் இதை ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

வாஸ்து பற்றி என்னோடு வாதாடிய பெரியப்பாவுக்கும் நன்றி. தமிழ்நாட்டு வீட்டில் மார்கழி வெயில் தெற்கிலிருந்து வரும். டர்பனில் ஜூன் மாத வெயில் வடக்கிலிருந்து சாய்ந்து வருகிறது. குளிர்காலத்தில் வெயில் வேண்டுமானால் இங்கே கூடத்தின் பெரிய ஜன்னல் வடக்கே இருக்க வேண்டும் என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் என்னோடு முற்றத்தில் குச்சி நட்டு நிழலைக் குறித்துக்கொண்டிருந்தார்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் குழாயில் தண்ணீர் நின்ற நாட்களில் வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றிய தம்பிமார்களை மறக்கவில்லை. 2023-இல் மின்வெட்டு ஓயாதிருந்தபோது, இன்வெர்ட்டர் இருந்த தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் பாதிப் படங்களைக் கணினியில் முடித்தேன். அவள் பிள்ளைகள் அதனால் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் மூன்றாண்டு இரவுச் சமையலைப் பார்த்துக்கொண்டார். ரசம் இன்னும் அவருக்குக் கைவரவில்லை.

ஏழு வீடுகளின் படங்களையும் உருட்டி, வீட்டுப் பெரியவர் பெயரெழுதி, எங்கள் முன்னறையில் வைத்திருக்கிறேன். சுவரிடிக்கவோ புதிதாகக் குழாய் பதிக்கவோ நினைக்கும்போது உதவும். ஞாயிறு காலையில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மூலைவீட்டாருக்கு இரண்டு சுருள் இருக்கிறது. சிவப்பு நூல் கட்டியது தவறானது, அதை வைத்து அலமாரி எதையும் அடித்துவிட வேண்டாம்.

நன்றியுடன்,
உங்கள் தெருத் திரைச்சீலைக்காரி