பொக்லைன் வருவதற்கு முன்பே கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கட்டடம் எழும்பி, பெயின்ட் அடித்து, ஒப்படைக்க இரண்டு வாரம் இருக்கும்போதுதான், கட்டடத்தைச் சுற்றியுள்ள வெளியை வடிவமைக்கும் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டின் நினைவு பலருக்கு வருகிறது. "மிச்ச இடத்தில் புல் போட்டு நாலு செடி வைத்துக் கொடுங்கள்" என்பார்கள். அதற்குள் கெட வேண்டியதெல்லாம் கெட்டிருக்கும்.

முதலில் கெடுவது மண். மேலாக உள்ள 15 முதல் 30 செ.மீ. வரைதான் மக்கிய சத்தும் நுண்ணுயிரும் நிறைந்த மேல்மண். பொக்லைன் முதல் நாளே அதை அடிமண்ணோடு கலந்துவிடுகிறது. தனியே வழித்தெடுத்து ஓரமாகக் குவித்து வைத்தால் வேலை முடிந்ததும் அதையே பரப்பலாம். குவியல் 2 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால் அடியில் காற்றில்லாமல் புளித்த வாடை அடிக்கும். ஈரத்தில் அள்ளவும் கூடாது. ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். புழுப்போல் திரிந்து வந்தால் இன்னும் காய வேண்டும். இந்த நிலையில் வண்டி ஏறினால் மண்ணின் துளைகள் நசுங்கிவிடும், காய்ந்தபின் கடப்பாரைதான் இறங்கும், வேர் இறங்காது. சிமென்ட் மிக்சரைக் கழுவிய தண்ணீரை ஊற்றிய இடத்தையும் பார்த்தவுடன் சொல்லிவிடலாம்: இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சிமென்டின் காரத்தன்மை ஏறிய மண்ணில் இரும்பை வேரால் எடுக்க முடியாது. எவ்வளவு உரம் கொட்டினாலும் இது தீராது. அந்த மண்ணையே மாற்ற வேண்டும்.

இருக்கிற மரத்தைக் காப்பாற்றும் கணக்கு எளிது. 1.5 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து 12ஆல் பெருக்குங்கள். 40 செ.மீ. மரமென்றால் அடிமரத்திலிருந்து எல்லாப் பக்கமும் 4.8 மீட்டர் தள்ளி வேலி. அதற்குள் செங்கல் அடுக்குவது, வண்டி நிறுத்துவது, பள்ளம் தோண்டுவது எதுவும் கூடாது. உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேலாக 60 செ.மீ.க்குள்ளேயே ஓடுகிறது. மட்டத்தை உயர்த்துகிறோம் என்று அடியில் 30 செ.மீ. மண் கொட்டினால் மரம் உடனே சாகாது. சில வருடம் கழித்து உச்சிக் கிளையிலிருந்து காயும். அப்போது பழி பூச்சியின் மேல் விழும்.

அடுத்தது தண்ணீர். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. மழை பெய்தால் 2,500 லிட்டர். அதைக் குழாயில் விட்டு வெளியேற்றாமல் தோட்டத்திலேயே இறக்க, 15 செ.மீ. ஆழத்தில் ஏறத்தாழ 17 சதுர மீட்டர் பள்ளம் போதும். ஆனால் மண் குடிக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும்: 30 செ.மீ. குழியில் தண்ணீர் நிரப்பி ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். 1 செ.மீ.க்குக் குறைந்தால் அந்த இடம் ஆகாது. அதற்கு மேல் இறங்கினால் பள்ளம் ஒரு நாளுக்குள் வற்றிவிடும், கொசு பெருக நேரமிருக்காது. அஸ்திவாரத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளி வெட்டுங்கள். நிரம்பி வழிய ஒரு வழியும் விடுங்கள். இந்தப் பள்ளத்தை வெட்டுவது கடைசி வேலையாக இருக்கட்டும். முன்பே வெட்டினால் கட்டுமான வண்டல் அடைத்து, முதல் மழையிலேயே குட்டையாகிவிடும்.

இதில் கலை எங்கே என்று கேட்கலாம். பிரேசிலின் ராபர்ட்டோ பர்லே மார்க்ஸ் (1909–1994) ஓவியர், தோட்ட வடிவமைப்பாளர். தன் நாட்டுச் செடிகளின் அழகை அவர் கண்டுகொண்டது 1928–29இல் பெர்லின் தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடங்களில் என்பது வேடிக்கை. ஊர் திரும்பியபின், ஒரே இனத்தைப் பெரிய பரப்பாக, தூரிகையால் இழுத்ததுபோல் நட்டார். நாற்பது வகைச் செடியை ஒவ்வொன்றாகத் தூவி வைக்கும் தோட்டத்தைவிட இது கண்ணுக்கு நன்று. களை எடுப்பதும் சுலபம். பூச்சி விழுந்தால் ஒரு பரப்பு முழுதும் போகும் என்பதால் அருகருகே வேறு இனப் பரப்புகள் இருக்க வேண்டும்.

முதல் நாளே நெருக்கமாகத் தெரிய வேண்டும் என்ற ஆசைதான் பெரிய விரோதி. 60 செ.மீ. அகலம் பரவும் செடிக்கு அதே இடைவெளி விட்டால் 10 சதுர மீட்டருக்கு 28 செடி. 20 செ.மீ.க்கு ஒன்றாக நட்டால் 250. இரண்டாம் வருடம் உள்ளே காற்று நுழையாமல் பூஞ்சாணம் பிடித்து, பாதியைப் பிடுங்க வேண்டி வரும். இடைவெளியை காய்ந்த இலை, வைக்கோல் போன்ற மூடாக்கால் 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு மூடுங்கள், தண்டை ஒட்டாமல்.

மரக்கன்றுக் குழி அகலமாக, வேர்க்கட்டியை (வேரோடு வரும் மண்கட்டியை)ப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம். ஆழம் மட்டும் கட்டியின் உயரத்தைத் தாண்டக் கூடாது. அடிமரம் விரிந்து வேராகும் இடம் தரைக்கு மேலே தெரிய வேண்டும். பையில் சுருண்ட வேரை வெட்டிவிட்டு நடுங்கள். விட்டால் அதுவே பின்னாளில் அடிமரத்தை நெரிக்கும். முட்டுக்கம்பை ஒரு வருடத்தில் எடுத்துவிட வேண்டும். கம்பு நட்டவர் அதற்குள் போய்விடுகிறார், கயிறு பட்டைக்குள் புதைகிறது. ஆகவே இரண்டு வருடப் பராமரிப்பையும், கயிறு அவிழ்க்கும் மாதத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்கள் சிலர்