எப்போது விழுந்தார்?

அன்பு மகளே,

அடுத்த வாரத்திலிருந்து இரவு வாட்ச்சுக்கு, அதாவது இரவு முழுக்க விழித்திருந்து கவனிக்கும் முறைப்பணிக்கு, நீதான் பொறுப்பு என்றாய். சந்தோஷம். பயமாக இருக்கிறது என்றும் சொன்னாய், அதுவும் நல்லதுதான். மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தில் அந்த நாற்காலியில் பயமே இல்லாத ஆளை உட்கார வைக்கக் கூடாது என்பது என் கட்சி. ஆனால் பேச்சோடு பேச்சாக, "டிரிஃப்ட் கணக்கையெல்லாம் சாஃப்ட்வேரே போட்டுக் கொடுத்துவிடும் அம்மா" என்றாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய்.

கடலில் விழுந்தவரை நீரோட்டமும் காற்றும் எங்கே தள்ளிக்கொண்டு போயிருக்கும் என்ற அந்தக் கணக்கைச் சாஃப்ட்வேர் நன்றாகவே செய்யும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நாங்கள் வரைபடத்தில் பென்சிலால் நீரோட்டத்துக்கு ஒரு கோடு, காற்றுக்கு ஒரு கோடு இழுத்து, முனையில் ஒரு வட்டம் போட்டுத் தேடச் சொன்னவர்கள். இப்போது அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2007 முதல் பயன்படுத்தும் சாரோப்ஸ் மாதிரியான மென்பொருள்கள் ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் கடலில் மிதக்கவிட்டு, ஒவ்வொன்றும் எங்கே போய்ச் சேரும் என்று கணக்குப் போடுகின்றன. அருமையான விஷயம். ஆனால் அந்தப் புள்ளிகளை எந்த நேரத்தில், எந்த இடத்தில் கடலில் விட வேண்டும் என்று நீதான் சொல்லியாக வேண்டும். அதைத் தப்பாகச் சொன்னால், தப்பான இடத்தை அது மிகத் துல்லியமாகக் காட்டும்.

ஆள் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. மிதவையை எறிந்திருப்பார்கள், ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்திருப்பார்கள், கப்பல் திரும்பியிருக்கும். உன்னைத் தூங்கவிடாத கேஸ் வேறு மாதிரி வரும். காலை 6 மணிக்கு ஆள் வேலைக்கு வரவில்லை, அறையில் இல்லை, கப்பல் முழுக்கத் தேடியும் இல்லை. கடைசியாகப் பார்த்தது முந்தின இரவு 10 மணிக்கு. கப்பல் 15 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 15 கடல் மைல், போய்க்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள். 8 மணி நேரம், 120 கடல் மைல். அந்தக் கோட்டில் எந்த இடத்திலும் அவர் விழுந்திருக்கலாம்.

கோட்டின் இரண்டு முனைகளும் ஒன்று போல இருக்காது. 6 மணிக்குச் சற்று முன் விழுந்திருந்தால் ஆள் பக்கத்திலேயே இருப்பார். 10 மணிக்கே விழுந்திருந்தால், 1 நாட் நீரோட்டத்தில் ஏற்கெனவே 8 மைல் நகர்ந்திருப்பார். கப்பல் அதே வழியில் திரும்பி அங்கே போய்ச் சேர இன்னொரு 8 மணி நேரம் ஆகும், அதற்குள் 16 மைல். அதாவது தேட வேண்டிய பரப்பு ஒரு முனையில் குறுகி, மறுமுனையில் விரிந்துகொண்டே போகும். அதனால் அந்த 8 மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை உன்னால் விலக்க முடிந்தாலும் 15 மைல் மிச்சம். கூடுதலாக ஒரு ஹெலிகாப்டர் வந்தால்கூட அவ்வளவு மிச்சமாகுமா என்பது சந்தேகம்தான்.

ஆகவே முதலில் கேள்வி கேள். கேப்டனிடம் மட்டுமல்ல, அவரைக் கடைசியாகப் பார்த்த ஆளையே லைனுக்குக் கூப்பிடு. "பத்து மணிக்குப் பார்த்தேன்" என்பது ஒன்று. "பத்து மணிக்குத் தூங்கப் போயிருப்பார்" என்பது முற்றிலும் வேறு. மூன்று பேர் வாய் மாறி உன் காதுக்கு வருவதற்குள் இரண்டாவது முதலாவதாகிவிடும். அடுத்து, எந்தக் கடிகாரத்தில் பத்து மணி? நீண்ட பயணத்தில் கப்பல் கடிகாரத்தை இரவில்தான் ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ தள்ளி வைப்பார்கள். சாட்சி சொல்வது கப்பல் நேரம், சிசிடிவி காட்டுவது அதன் சொந்த நேரம், உன் லாக்கில், அதாவது பணிப் பதிவேட்டில், எழுதுவது உலகப் பொது நேரம். ஒரு மணி நேரம் பிசகினால் 15 மைல் போச்சு. சொன்னவர் சொன்ன நேரத்தையும் நீ மாற்றி எழுதிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வை.

அப்புறம் படுக்கை. படுத்த மாதிரி கசங்கியிருக்கிறதா? வேலை உடுப்பு எங்கே, காலணி எங்கே, லைஃப் ஜாக்கெட்டுகள் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா? போன் அறையில் இருந்தால் கடைசியாக எப்போது பயன்பட்டது? அந்த இரவில் அவர் செய்ய வேண்டிய வேலை என்ன, அதில் எது முடிந்திருக்கிறது, எது பாதியில் நிற்கிறது? கப்பலின் பயணப் பதிவுக் கருவியை உடனே சேமிக்கச் சொல். விட்டால் பழையதன் மேல் புதியது பதிந்துவிடும். ரொம்பத் துருவுகிறோமோ என்று கூச்சப்படாதே. அந்த நேரத்தில் கப்பலில் இருப்பவர்களும் ஏதாவது செய்யத்தான் துடித்துக்கொண்டிருப்பார்கள்.

பாதியில் நின்ற வேலை என்றேன் அல்லவா, அதற்கு நல்ல உதாரணம் உண்டு. 2013 ஜூலை 24 அன்று நியூயார்க் மாநிலத்தின் மான்டாக் பக்கம் 'அன்னா மேரி' என்ற சிங்கி இறால் படகிலிருந்து ஒருவர் இரவில் தவறி விழுந்தார். கூட்டாளி தூங்கிக்கொண்டிருந்தார், காலை 6 மணிவாக்கில்தான் ஆள் இல்லை என்றே தெரிந்தது. முந்தின இரவு கூட்டாளி தூங்கப் போன பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை, எனவே பரப்பு பெரிது. அந்தக் கூட்டாளி சும்மா பதறிக்கொண்டு நிற்காமல் தளத்தைக் கவனித்தார். ஒரு குளிர்பெட்டியின் கைப்பிடி உடைந்திருந்தது. அந்தப் பெட்டியை நகர்த்த வேண்டிய தேவையே தொட்டிகளில் கடல்நீர் ஏற்றும்போதுதான் வரும்; அந்த வேலையை ஆரம்பிப்பது இரவில் வெகுநேரம் கழித்து, இறால் பொறிகள் கிடக்கும் பகுதியை நெருங்கும்போதுதான். அப்படியானால் ஆள் விழுந்தது நினைத்ததைவிடத் தாமதமாக, இன்னும் தெற்கே. தேடல் தெற்கே நகர்ந்தது. சுமார் 12 மணி நேரம் தண்ணீரில் கிடந்தவரை அன்று பிற்பகல் ஹெலிகாப்டர் உயிரோடு தூக்கியது. தன் ரப்பர் பூட்ஸைக் கவிழ்த்துக் காற்றடைத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு மிதந்திருக்கிறார் மனிதர்! அவருடைய கெட்டிக்காரத்தனத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். நான் அந்தக் கைப்பிடியைப் பற்றிப் பேசுவேன்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பயிற்சியில் படித்திருப்பாய். தண்ணீரில் கிடக்கும் ஆளைக் காற்று தன் வேகத்தில் கிட்டத்தட்ட 1 சதவீதம்தான் தள்ளும். 20 நாட் காற்றென்றால் 0.2 நாட். உயிர்காப்பு மிதவைப் படகு அதைவிடப் பல மடங்கு வேகமாகப் போகும். எனவே "காற்று இப்படி அடிக்கிறது, ஆள் அந்தப் பக்கம்தான் போயிருப்பார்" என்று கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜிலிருந்து யாராவது அடித்துச் சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள், நீரோட்டத்தைப் பார்த்து முடிவெடு.

இனி, உன்னிடம் இருக்கும் கப்பல்களால் எவ்வளவு பரப்பைத்தான் தேட முடியும்? இங்கேதான் புதிதாக வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். அலைக்கு மேலே தெரிவது ஒரு தேங்காய் அளவு தலை, அதுவும் விட்டு விட்டு. 10 மைல் தூரம் தெளிவாகத் தெரியும் நாளில்கூட, ஒரு வணிகக் கப்பலுக்கு நீரில் கிடக்கும் ஆளைத் தேடும் பயனுள்ள அகலம் 0.6 மைல் என்றுதான் தேடல், மீட்புப் பணிக்கான சர்வதேசக் கையேடான ஐயாம்சாரின் அட்டவணை சொல்கிறது. 10 நாட் வேகத்தில் 6 மணி நேரம் ஓடினால் 36 சதுர மைல். காற்று 25 நாட் வேகத்தைத் தாண்டினால் அகலத்தை 0.25 ஆல் பெருக்கச் சொல்கிறது அதே கையேடு. 36 என்பது 9 ஆகிவிடும். 5 மைல் ஆரமுள்ள ஒரு சாதாரண வட்டமே 78 சதுர மைலுக்கு மேல். "சுற்றுவட்டாரம் முழுக்கப் பார்த்துவிடுகிறோம்" என்று எந்தக் கேப்டன் சொன்னாலும் இந்தக் கணக்கை ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார். எல்லா இடத்தையும் லேசாகத் தடவுவதா, அதிக வாய்ப்புள்ள பகுதியை நெருக்கமாகத் தேடுவதா என்று முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். விழுந்த நேரத்தைப் பற்றி முதலில் அவ்வளவு கேட்டு வைத்தது இதற்காகத்தான்.

ஒரு பகுதியைத் தேடி முடித்ததும், "அங்கே இல்லை" என்று தகவல் வரும். "பார்த்தோம், கண்ணில் படவில்லை" என்று அதைத் திருத்தி எழுதிக்கொள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக்காகத் தேடல் கணிதத்தை வகுத்த பெர்னார்ட் கூப்மனின் சூத்திரப்படி, ஒரு பரப்பை ஒருமுறை முழு அளவுக்கு, ஆனால் ஒழுங்கில்லாமல் தேடினால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 63 சதவீதம். ஆள் அங்கேயே இருந்தும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவறவிடலாம். அதற்காக அந்தத் தேடல் வீண் என்று அர்த்தமில்லை. இரண்டு பகுதிகளுக்கும் சரிபாதி வாய்ப்பு என்று தொடங்கினாய் என்று வை. ஒன்றை இப்படித் தேடி வெறுங்கையோடு வந்தால், அதன் பங்கு 27 சதவீதமாக இறங்கி, மற்றது 73 ஆக ஏறிவிடும். அடுத்த ஹெலிகாப்டரை எங்கே அனுப்புவது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது. மனசு என்னவோ முதலில் நம்பிய இடத்துக்கே திரும்பத் திரும்ப இழுக்கும். என்னோடு வேலை பார்த்தவர்களில் மிகத் திறமையானவர்களையும் அது இழுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு நேரம் உயிரோடு இருக்க முடியும் என்ற கேள்வியை முதல் மணி நேரத்திலேயே யாராவது கேட்டுவிடுவார்கள். குளிர்ந்த நீரில் முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர, அடுத்த பத்து நிமிடம் கைகால் சொன்னபடி கேட்க, உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று 1-10-1 கணக்கு சொல்வார்கள். அது விழுந்தவருக்கான அறிவுரை. தேடலை நிறுத்தும் கடிகாரமாக அதை யாரும் உன் முன்னால் வைக்கவிடாதே. 2013 ஏப்ரலில் சுமத்ரா பக்கம் இரவில் படகிலிருந்து விழுந்த தென்னாப்பிரிக்கப் பயணி ஒருவர், கிட்டத்தட்ட 28 மணி நேரம் கழித்து உயிரோடு கிடைத்தார். லைஃப் ஜாக்கெட் கிடையாது. வெதுவெதுப்பான கடல், விடாப்பிடியான மனிதர். நீரின் வெப்பநிலை, உடுப்பு, உடல்வாகு, நீந்தத் தெரியுமா என்பதையெல்லாம் வைத்துக் கணக்கிடு. சந்தேகம் வந்தால் நீளமான பக்கமே சாய்.

குடும்பத்தார் போன் செய்வார்கள். பேசு, வேறு யாரிடமும் தள்ளிவிடாதே. எங்கே தேடியிருக்கிறோம், இப்போது எங்கே தேடுகிறோம், ஏன் அங்கே என்று சொல். "கண்டிப்பாகக் கிடைத்துவிடுவார்" என்று மட்டும் சொல்லாதே. அவர்களிடம் கேட்கவும் செய்: இரவில் வெளியே நின்று புகைக்கும் பழக்கம் உண்டா, கடைசியாக எத்தனை மணிக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது? சில சமயம் கப்பலில் யாருக்கும் தெரியாத நேரம் வீட்டில் ஒருவருடைய போனில் இருக்கும்.

காலையில் வாட்ச்சை ஒப்படைக்கும்போது, விழுந்த நேரமாக எதை வைத்துக்கொண்டாய், யார் சொல்லி, எவ்வளவு நம்பிக்கையோடு என்பதை லாக்கின் முதல் வரியிலேயே எழுதிவிடு. அடுத்து வருபவர் வரைபடத்தில் தேடல் பகுதிகளாக நீ வரைந்திருக்கும் பெட்டிகளைப் பார்த்து அதுதான் உண்மை என்று எடுத்துக்கொள்வார். அவற்றுக்குக் கீழே இருப்பது உன் ஊகம் என்று அவருக்குத் தெரிந்தால்தான், புதிதாக ஒரு கைப்பிடி உடைந்த செய்தி வரும்போது பெட்டிகளை நகர்த்தத் துணிவார்.

மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். இரவு வாட்ச்சில் சாப்பிடாமல் இருந்துவிடாதே. முதல் வாட்ச் முடிந்ததும் தூங்கி எழுந்து அப்புறமாகக் கூப்பிடு, அவசரமில்லை.

அன்புடன்,
அம்மா