விடுதி அறைக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகும் பெற்றோருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் வீட்டு முன்னறையிலேயே 22 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். உயர்கல்விக்கூடங்களில் புதுப் பிள்ளைகள் சேரும் நேரம் இது. எங்கள் தாமான் குடியிருப்பில் மட்டும் இந்த வருடம் நான்கு பேர் கிளம்புகிறார்கள். வாளி, தலையணை, ஹேங்கர், மேசை விளக்கு என்று நான்கு வீட்டிலும் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. போன வாரம் ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த ஓர் அம்மா, “பையன் ரூம்ல பாட்டு கேக்க ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்கணும் அக்கா, உங்க பொண்ணுக்கு எது வாங்கினீங்க?” என்று கேட்டார். ஊசியைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். போன வருடம் எனக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் ஆறு ரவிக்கையின் கூலி கையில் நின்றிருக்கும்.

படிக்கப் போகிற பிள்ளைக்குப் பாட்டுப்பெட்டி எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் மாமியாரே கேட்டார். நான் பிறந்தது பால்மரத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். மாலை ஆறரைக்கு ஜெனரேட்டர் ஓடினால்தான் விளக்கு எரியும், பத்து மணிக்கு அணைந்துவிடும். அதற்குப் பிறகும் எங்கள் வீட்டில் ரேடியோ பாடும், பேட்டரி ரேடியோ அது. பால்வெட்டு முடிந்து வந்த அப்பா சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே அதைத்தான் திருகுவார். பேட்டரி பலம் குறைந்தால் தகரக் கூரையில் வெயிலில் வைத்து எடுப்போம், இன்னும் இரண்டு நாளைக்குப் பாடும். ஒரு வீட்டில் ரேடியோ சத்தம் கேட்கவில்லை என்றால் அங்கே ஏதோ துக்கம் என்று லயமே விசாரிக்கும்.

என் மகளும் அப்படித்தான் வளர்ந்தாள். தையல் மெஷின் ஒரு பக்கம், மின்னல் எஃப்.எம் ஒரு பக்கம், நடுவில் அவள் பாடப்புத்தகம். விடுதிக்குப் போன நான்காவது நாள் இரவு பதினொன்றுக்குக் கூப்பிட்டாள். “அம்மா, தூக்கமே வரல. இங்க ரொம்ப அமைதியா இருக்கு” என்றாள். அன்றைக்கே முடிவு செய்தேன், அவள் அறையில் ஏதாவது பாட வேண்டும் என்று.

நான் செய்த தவறு இனிமேல்தான். பக்கத்து வீட்டில் பேசினால் பாடும் வைஃபை ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது. கையகலம்தான், ஆனால் சத்தம் துல்லியம். அதே மாதிரி ஒன்றை 199 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கினேன். வீட்டு வைஃபையில் அழகாகப் பாடியது. விடுமுறைக்கு வந்த மகள் ஆசையோடு எடுத்துக்கொண்டு போனாள். விடுதியில் அது வாயே திறக்கவில்லை.

ஒரு வாரம் போராடினாள். கடையில் கேட்டால், பெட்டியைப் பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். கடைசியில் ஈப்போவில் கணினி பழுதுபார்க்கும் என் அண்ணன் மகன்தான் விளக்கினான்.

“அத்தை, ஸ்பீக்கர்ல ஒரு கோளாறும் இல்ல. ஹாஸ்டல் வைஃபை நம்ம வீட்டு வைஃபை மாதிரி இல்ல. உள்ள போகணும்னா முதல்ல ஒரு பக்கம் திறக்கும், அதுல மாணவர் எண்ணும் கடவுச்சொல்லும் போடணும். இந்த ஸ்பீக்கருக்குத் திரை ஏது, எழுத்து ஏது? எங்க போய்ப் போடும்?”

இதைத்தான் பெற்றோர் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன். வீட்டு வைஃபைக்கு ஒரே ஒரு கடவுச்சொல், வீட்டில் உள்ள எல்லாக் கருவிக்கும் அது போதும். கல்விக்கூடங்களில் பெரும்பாலும் ஆளுக்கு ஒரு கணக்கு இருக்கும். கைப்பேசியும் மடிக்கணினியும் அந்தப் பக்கத்தைத் திறந்து உள்ளே போய்விடும். திரை இல்லாத ஸ்பீக்கர் வாசலிலேயே நின்றுவிடும். புளுடூத்தில் மட்டுமாவது ஓட்டலாமே என்று பார்த்தோம். எங்கள் ஸ்பீக்கருக்கு முதல் அமைப்பைச் செய்வதற்கே வைஃபை வேண்டுமாம். மகளின் கைப்பேசியையே ஹாட்ஸ்பாட் ஆக்கலாம் என்றால், அதில் ஸ்பீக்கரை அமைக்க இன்னொரு கைப்பேசி வேண்டும், டேட்டாவும் கரையும். தினமும் படுக்கப் போகும் நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு?

சரி, பிறகு என்ன செய்தோம்? ஒரு சாதாரண புளுடூத் ஸ்பீக்கர், 79 வெள்ளி. அவ்வளவுதான். இதில் இணையத்தோடு பேசுவது கைப்பேசியின் வேலை, ஸ்பீக்கர் கைப்பேசி அனுப்புவதைப் பாடினால் போதும். அதனால் விடுதி வைஃபை எப்படி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. வைஃபை போய்விட்டால் டேட்டாவில் பாடும். டேட்டாவும் தீர்ந்தால் முன்பே பதிவிறக்கி வைத்த பாட்டைப் பாடும். குறையும் உண்டு. அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும். சுமார் 10 மீட்டருக்கு மேல் கைப்பேசி தள்ளிப் போனால் அறுந்துவிடும், நடுவில் சுவர் இருந்தால் அதற்கும் முன்பே. ஒரே அறைக்குள் இதெல்லாம் பெரிய தொல்லை இல்லை.

இரண்டாவது முறை கடைக்குப் போனபோது அண்ணன் மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது தண்ணீர் புகாத ரகம். ஐபிஎக்ஸ்7 என்று அட்டையில் போட்டிருந்தது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்பது அதற்குப் பொருளாம். நல்ல பொருள்தான், ஆற்றங்கரைக்குப் போகிறவர்களுக்கு. மேசை மேல் இருக்கப் போகும் ஸ்பீக்கருக்கு அதற்காகக் கூடுதலாக 100 வெள்ளி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் பார்த்தது வேறு. மகளின் கைப்பேசி சார்ஜரே இதற்கும் பொருந்த வேண்டும், இன்னொரு சார்ஜரைத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது. புளுடூத் மக்கர் செய்தால் ஒயர் சொருக ஒரு 3.5 மில்லிமீட்டர் ஓட்டை வேண்டும். இருட்டில் தடவினாலும் தெரிகிற பொத்தான்கள் வேண்டும். சத்தத்துக்கு 5 வாட் போதும், அந்த அறைக்கு அதுவே நிறைய. பசார் மாலாம் இரவுச் சந்தையில் 25 வெள்ளிக்குக்கூடக் கிடைக்கிறது. ஆனால் கூடவே சுவரில் சொருகும் அடாப்டரும் கொடுத்தார்கள் என்றால் அதில் சிரிம் என்ற மலேசியத் தரச் சோதனை முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். பிள்ளை தூங்கும் கட்டிலுக்குப் பக்கத்தில் இரவெல்லாம் செருகிக் கிடக்கப் போகிற பொருள் அது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரமே பக்கத்து அறைப் பிள்ளையின் கைப்பேசி இவள் ஸ்பீக்கரில் ஒட்டிக்கொண்டு, நடு இரவில் வேறு பாட்டு கத்தியதாம். முன்பு ஒரு முறை விளையாட்டாக இணைத்துப் பார்த்ததை அது நினைவில் வைத்திருக்கிறது. பழைய இணைப்புகளை அழிக்க எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று உள்ளே இருக்கும் துண்டுத்தாளில் போட்டிருக்கும். அதைத் தூக்கி எறியாதீர்கள்.

அப்புறம் சந்தா. இதிலும் பணம் வீணாகிறது. ஸ்பாட்டிஃபை 2013-இலேயே மலேசியாவுக்கு வந்துவிட்டது, பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். இலவசமாகவே கேட்கலாம், நடுவில் விளம்பரம் வரும், பாட்டைப் பதிவிறக்கி வைக்க முடியாது. பணம் கட்டினால் விளம்பரம் இல்லை, பதிவிறக்கலாம், 30 நாளைக்கு ஒரு முறையாவது இணையத்துக்கு வந்தால் போதும். உயர்கல்வி மாணவர்களுக்கு ஏறக்குறைய பாதிக் கட்டணத்தில் தனிச் சந்தா இருக்கிறது என்பது பல வீடுகளில் தெரியவில்லை. மாணவர் என்று நிரூபிக்க வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், மொத்தம் 4 வருடம் வரை கிடைக்கும். ஆப்பிள் மியூசிக், யூடியூப் ஆகியவற்றிலும் மாணவர் சந்தா உண்டு. என் மகள் முதல் மூன்று மாதம் முழுக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தாள். பிடிபிடிஎன் கல்விக் கடனில் படிக்கும் பிள்ளைக்கு அந்தப் பாதிக்காசு சாப்பாட்டுக்கு ஆகும்.

சந்தா எடுப்பதற்கு முன்பு அவள் யூடியூப்பில் படத்தோடு ஓடவிட்டுப் பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள், மாதக் கடைசியில் டேட்டா இல்லை என்று புலம்புவாள். அண்ணன் மகன் என் அளவுப் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டான். ஸ்பாட்டிஃபையில் ஒலித் தரத்தைச் சாதாரணத்தில் வைத்தால் நொடிக்கு 96 கிலோபிட். ஒரு மணி நேரத்துக்கு 43 மெகாபைட் செலவாகும். தினம் மூன்று மணி நேரம் கேட்டால் மாதம் ஏறக்குறைய 4 ஜிபி. ‘வெரி ஹை’ என்ற தரத்தில் 320 கிலோபிட், அதே நேரத்துக்கு 13 ஜிபி வரும். படத்தோடு ஓடினால் இன்னும் கூடும். அந்த 79 வெள்ளி ஸ்பீக்கரில் இரண்டு தரத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டோம். எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. காசு கட்டுகிறோமே என்று எல்லாவற்றையும் உச்சத்தில் வைக்கத் தேவையில்லை.

அறைத்தோழி தூங்கும் நேரத்தில் காதுக்கருவிதான். அதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான் பாதுகாப்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. சத்தம் கூடக் கூட அந்த நேரம் மளமளவென்று குறைந்துவிடும். பேருந்திலும் ரயிலிலும் வெளிச்சத்தத்தை அமுக்குவதற்காகப் பிள்ளைகள் ஏற்றிக்கொண்டே போகிறார்கள். கைப்பேசியிலேயே சத்தத்துக்கு ஓர் எல்லை போட்டு வைக்கலாம், அவள் கைப்பேசியில் போட்டிருக்கிறோம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருடமும் புதிய மாணவர் சேர்க்கைக்கு முன் இந்த மாதிரி விஷயங்களுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். மடிக்கணினி எது, விடுதியில் எந்த மின்கருவிக்கு அனுமதி, மாணவர் சலுகை எதிலெல்லாம் உண்டு என்று தமிழில் எழுதுங்கள். தோட்டத்திலிருந்து முதல் தலைமுறையாகப் பிள்ளையை அனுப்புகிற வீட்டில் இதைக் கேட்க அண்ணனோ அக்காளோ இருக்க மாட்டார்கள். கடைக்காரர்களுக்கும் சொல்கிறேன். ஸ்பீக்கர் விலையைச் சொல்வதற்கு முன் “எங்கே வைக்கப் போறீங்க?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். உயர்கல்விக்கூடங்கள் சேர்க்கைக் கடிதத்தோடு அனுப்பும் தாளில், விடுதி வைஃபையில் எந்தக் கருவி சேரும், எது சேராது என்று இரண்டு வரி போட்டால் எத்தனையோ பேருக்கு உதவும்.

அந்த 199 வெள்ளி ஸ்பீக்கர் இப்போது என் கடையில் இருக்கிறது. இங்கே வீட்டு வைஃபை என்பதால் நன்றாகவே பாடுகிறது. தமிழில் பேசினால் அதற்குப் புரிவதில்லை. பாட்டுப் பெயரை ஆங்கிலம் பேசுகிறவர்கள் உச்சரிப்பது போலச் சொன்னால் நான்கில் ஒன்று சரியாக வரும். பெரும்பாலும் கைப்பேசியில் தேடித்தான் போடுகிறேன்.

மகள் இரவு தூங்கப் போகும்போது மடிக்கணினியில் அரசு வானொலியின் ஆர்டிஎம் கிளிக்கைத் திறந்து மின்னலைப் போட்டுக்கொள்கிறாள். அதற்குச் சந்தா கிடையாது. நானும் தைத்தபடி அதே நேரம் பழைய ரேடியோவில் கேட்கிறேன். இணையத்தில் வருவது கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். கைப்பேசியில் இருவரும் பேசிக்கொண்டே இருக்கும்போது இங்கே முடிந்த பாட்டின் கடைசி வரி, அதன் வழியாக அவள் அறையிலிருந்து மறுபடியும் கேட்கிறது. அப்புறம் அவள் பேச்சு குறையும். தூங்கிவிட்டாள் என்று தெரிந்து நான் வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரத் தாய்,
சுங்கை சிப்புட், பேராக்.