கவிழ்ந்த மிதவையை நிமிர்த்தாதவனுக்குச் சான்றிதழ் தராதீர்கள்

கடல்சார் பயிற்சி நிலையங்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் கோபிசெட்டிபாளையத்துக்காரன். 17 ஆண்டுகளாகச் சரக்குக் கப்பல்களில் டெக் வேலை. விடுப்பில் வந்திருக்கிறேன். கடலில் உயிர் காக்கும் பயிற்சியை முடித்துச் சான்றிதழோடு வந்த அக்கா மகனிடம், "லைஃப் ராஃப்ட், அதுதான் ஆபத்தில் ஏறித் தப்பும் ரப்பர் மிதவை, தலைகீழாக விரிந்தால் என்ன செய்வாய் மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "வீடியோவில் காட்டினார்கள் மாமா" என்றான். ஏற்கெனவே விரித்துவைத்த மிதவையில் ஏறி இறங்கியதோடு சரியாம்.

கப்பலில் மிதவை மடித்துப் பெட்டிக்குள் இருக்கும்; அதை விரிக்க ஒரு கயிற்றை இழுக்க வேண்டும். அதைச் செய்து பார்க்க, முப்பது மீட்டர் கயிற்றைச் சாக்கில் சுருட்டி வைத்து இழுக்கச் சொன்னேன். எட்டு முழம் வந்ததும் நிறுத்திவிட்டு, "இன்னும் எவ்வளவு மாமா?" என்றான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. கப்பலில் என்றால், கயிற்றின் நுனி கப்பலில் கட்டியிருக்கிறதா, கீழே ஆள் இருக்கிறதா என்று பார்த்துப் பெட்டியைக் கடலில் தள்ளிய பிறகு, அந்தக் கயிற்றைக் கடைசிவரை இழுக்க வேண்டும். குறைந்தது 15 மீட்டர் இருக்கும். இறுகியதும் வெடுக்கென்று சுண்டினால்தான் வாயு சிலிண்டர் திறந்து, ஒரு நிமிடத்துக்குள் மிதவை விரியும். பாதியில் நிறுத்தினால் அது வெறும் பெட்டி.

கவிழ்ந்து விரிந்தாலோ, அதை நிமிர்த்த, சிலிண்டர் இருக்கும் பக்கம் ஏறி நின்று, காற்றை எதிர்கொண்டு, மிதவையின் அடியில் இருக்கும் பட்டையைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். மிதவை நம் மேலேயே விழும். ரப்பர் முகத்தை அழுத்த, மல்லாந்தபடியே நீந்தி வெளியே வர வேண்டும். அந்தத் திகிலை உடம்பு ஒருமுறையாவது அறிந்திருக்க வேண்டாமா? பயிற்சி பெறுபவர் இதைச் செய்தே காட்ட வேண்டும் என்று, கப்பல் பணியாளர்களின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான சர்வதேச விதியான எஸ்.டி.சி.டபிள்யூ. சொல்வது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு முறையும் வாயு நிரப்பி மடிப்பதற்குச் செலவாகும் என்பார்கள் நிலையத்தார். விரிந்த மிதவையைக் குளத்தில் கவிழ்த்துப் போட என்ன செலவு?

எங்கள் பக்கம் கடல் இல்லை. கிணற்றிலும் கீழ்பவானி வாய்க்காலிலும் நீச்சல் பழகிய பிள்ளைகள் இவர்கள். கடலைப் பற்றி நீங்கள் அனுமதித்த நிலையம் சொல்லிக்கொடுப்பதுதான் இவர்களுக்குத் தெரியும். அக்கா இரண்டு எருமைகளை விற்றுக் கட்டணம் கட்டினாள். கொங்கு நாட்டில் எத்தனை வீடுகளில் நகை அடகுக்குப் போயிருக்கிறதோ! வாங்கிய பணத்துக்குக் கையெழுத்திட்ட காகிதம் கொடுப்பதா பயிற்சி?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். தன் கையால் மிதவையை நிமிர்த்தாத எவருக்கும் சான்றிதழ் தராதீர்கள். சொல்லாமல் போய்க் குளத்தருகே நின்று பாருங்கள். இவனோடு படித்த அணி முழுவதையும் கட்டணமின்றி மறுபடி தண்ணீரில் இறக்கச் சொல்லுங்கள். அடுத்த மாதம் இவன் கப்பல் ஏறுகிறான். தயவுசெய்து அதற்குள்.

இப்படிக்கு,
ஒரு கப்பல் தொழிலாளி