வாய்க்கால் உவமை பொருந்தவில்லைங்க

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஒரே நேரலை பல ஊர்களுக்குப் போய்ச் சேரும் விதம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மல்டிகாஸ்ட் (ஒரே படத்தை ஒரு முறை மட்டும் அனுப்பி, பலருக்கும் சேர்க்கிற முறை) பற்றித் தமிழில் எழுத ஒருவர் கிடைத்தாரே என்று சந்தோஷம். ஆனால் கோபியில் கேபிள் நடத்தி, இப்போது இணைய இணைப்பும் கொடுத்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இரண்டு இடத்தில் உறுத்தியது.

முதலாவது, உவமை. கட்டுரையாளர் மல்டிகாஸ்டைக் கீழ்பவானி வாய்க்காலோடு ஒப்பிட்டிருக்கிறார். பவானிசாகரில் புறப்பட்டு 200 கிலோமீட்டர் ஓடுகிற வாய்க்கால், வழியெல்லாம் மதகு, கிளை வாய்க்கால். பார்வைக்கு ஒரே மாதிரிதான். ஆனால் நான் பிறந்தது காங்கேயம் பக்கம், அந்த வாய்க்காலின் கடைமடையில். மேலே ஒரு மதகு திறந்தால் கீழே தண்ணீர் குறையும் என்பது எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்து விடுவதே அதனால்தான். மல்டிகாஸ்டில் கிளை பிரிகிற இடத்தில் ரவுட்டர் (தரவுக்கு வழி காட்டி அனுப்பும் கருவி) எதையும் பங்கு போடுவதில்லை, நகல் எடுக்கிறது. நொடிக்கு 6 மெகாபிட் வந்தால் நாலு கிளையிலும் 6 மெகாபிட்டாகவே போகும். கடைமடைக்காரனுக்கும் முழுத் தண்ணீர். (எங்கள் அப்பா இருந்திருந்தால் அந்த ரவுட்டரில் ஒன்றை வாய்க்காலுக்கும் வாங்கி வைக்கச் சொல்லியிருப்பார்.)

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியலாம். நகல் எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கத்து ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்தை நேரலையில் விட்டோம். படம் 6 மெகாபிட். அந்த ஊருக்குப் போகிற ஃபைபரில் எனக்கு ஒரு கிகாபிட் இணைப்பு. பார்க்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி நகல் என் அலுவலகத்திலிருந்தே கிளம்பியது. 100 வீடு வரை ஒன்றும் தெரியவில்லை. 160 வீடு ஆனபோது 960 மெகாபிட், குழாய் நிரம்பிவிட்டது. கலசத்தில் தீர்த்தம் ஊற்ற அய்யர் சொம்பைத் தூக்கினார், படம் அப்படியே நின்றுவிட்டது. உடனே போன்: “ஏனுங், அய்யரு தூக்குன கைய எறக்கவே மாட்டீங்கறாரு?” யூடியூபில் போட்டிருக்கலாமே என்பார்கள். அதிலும் வீட்டுக்கு ஒரு நகல் அதே ஃபைபர் வழியாகத்தான் வரும். மல்டிகாஸ்ட் என்றால் அந்தக் கம்பியில் 6 மெகாபிட்தான் போயிருக்கும். வீட்டு டி.வி. பெட்டியில் சேனலை வைத்ததும் அது ‘எனக்கும் வேண்டும்’ என்று ஐ.ஜி.எம்.பி. என்ற நெறிமுறை வழியாகச் சொல்லும், பக்கத்து ரவுட்டர் ஒரு கிளையைச் சேர்த்துக்கொள்ளும். ஸ்டீவ் டீரிங் என்ற கணினி அறிஞர் 1989-லேயே ஆர்.எஃப்.சி. 1112-இல் (இணையம் இயங்கும் முறைகளை எழுதிவைக்கும் ஆவண வரிசைக்கு ஆர்.எஃப்.சி. என்று பெயர்) அடித்தளம் போட்டுவிட்ட சங்கதி. நான்தான் தாமதம்.

இரண்டாவது உறுத்தல் இதைவிடப் பெரியது. ‘ஒவ்வொரு ஊருக்கும் மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் சிக்கனமான மரம் கிடைத்துவிடும்’ என்று கட்டுரை சொல்கிறது (ஓரிடத்தில் கிளம்பிக் கிளை கிளையாகப் பிரிந்து எல்லா ஊருக்கும் போகிற பாதைக்குத்தான் மரம் என்று பெயர்). கிடைக்காது. நம் ஊர் ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவையிலிருந்து சத்தி (சத்தியமங்கலம்) சுமார் 70 கிலோமீட்டர், கோபி சுமார் 80, சத்திக்கும் கோபிக்கும் நடுவே 25 என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு ஊருக்கும் தனித்தனிக் குறுக்குவழி போட்டால் 150 கிலோமீட்டர் கம்பி. சத்தி போய் அங்கிருந்து கோபி என்றால் 95 போதும். கோபிக்கு 15 கிலோமீட்டர் சுற்று. ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டரை 5 மைக்ரோ நொடியில் கடக்கும், ஆக 75 மைக்ரோ நொடி தாமதம். கோபியில் யாருக்கும் தெரியப் போவதில்லை.

இரண்டு ஊருக்கு மனக்கணக்கு போதும். ஊர் கூடினால் கதை மாறும். யாருமே பார்க்காத ஒரு சந்திப்பில், சும்மா புளியம்பட்டி மாதிரி ஓரிடத்தில், கிளை பிரிப்பதும் லாபமாக வரலாம். அப்படிப்பட்ட நடுச் சந்திப்புகள் 20 இருந்தால் எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விடுவது என்பதற்கே 10,48,576 விதம். இதற்கு ஸ்டெய்னர் மரம் என்று பெயர். 1972-இல் ரிச்சர்ட் கார்ப் என்ற கணினி அறிஞர் கொடுத்த 21 கடினமான கணக்குகளின் பட்டியலில் இதுவும் உண்டு. எல்லா வரைபடத்துக்கும் வேகமாக, துல்லியமாக விடை தருகிற வழி இன்றுவரை யார் கையிலும் இல்லை. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. மிகச் சிறந்த மரத்தின் செலவில் இரு மடங்கைத் தாண்டாத மரத்தைத் தருகிற முறை 1981-லேயே வந்துவிட்டது. நடைமுறையில் அந்த வகை முறைகளை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது.

அப்புறம், கட்டுரை தொடாமலே விட்ட இடம், ஒரு நெட்வொர்க் முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லை. மேலே சொன்ன கணக்கெல்லாம் முழு வரைபடமும் ஒருவர் கையில் இருந்தால்தான். ஒரு ஊர் நெட்வொர்க் எனது, அடுத்தது இன்னொருவருடையது, அதற்கும் அப்பால் மூன்றாவது ஆள். யாரும் தன் மேப்பைக் கொடுக்க மாட்டார். நானும் கொடுக்க மாட்டேன். எந்த ரோட்டில் எனக்குக் கம்பி இல்லை என்று தெரிந்தால் மறுநாளே அங்கே இன்னொருவர் கம்பி இழுப்பார்.

பக்கத்து நெட்வொர்க்கோடு எனக்கு இரண்டு இடத்தில் இணைப்பு உண்டு. முதல் முறை அவருக்கு மல்டிகாஸ்ட் விட்டபோது, எனக்கு எது பக்கமோ அதில் கொடுத்தேன். என் பக்கம் செலவு 2 அலகு. மற்றதில் 5. யாராக இருந்தாலும் 2-ஐத்தான் எடுப்பார்கள். ஆனால் அந்த வாசலில் நுழைந்தால் அவருடைய வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர 11 அலகு. இன்னொரு வாசலில் நுழைந்தால் வெறும் 4. ஆக நான் சிக்கனம் என்று நினைத்தது 13, விட்டது 9. அவரவர் வீட்டுக் கணக்கை மட்டும் அவரவர் போட்டால் இப்படித்தான் ஆகும்.

இதைச் சரிசெய்ய அவர் மேப்பைக் காட்ட வேண்டியதில்லை. 11, 4 என்று இரண்டே எண்கள் சொன்னால் போதும். 2009-இல் வந்த ஆர்.எஃப்.சி. 5441-இன் உள்ளே இருக்கிற யோசனை கிட்டத்தட்ட இதுதான். பாதை கணக்கிடுவதற்கென்றே ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் ஒரு கணிப்பான் இருக்கும், பி.சி.இ. என்பார்கள். கணக்கு போய்ச் சேர வேண்டிய கடைசி நெட்வொர்க்கில் தொடங்கிப் பின்னோக்கி வரும். ‘என் இந்த வாசலுக்கு வந்தால் இவ்வளவு, அந்த வாசலுக்கு வந்தால் இவ்வளவு’ என்று ஒவ்வொருவரும் முன்னவருக்குச் சொல்லிக்கொண்டே வருவார்கள். உள்ளே எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பது வெளியே தெரியாது. பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) பாசனம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்றால் அதை மணக்கடவு அணைக்கட்டில் அளப்பார்கள். எல்லையில் அளந்த அந்த எண்தான் பேச்சு.

ஆர்.எஃப்.சி. 5441 சொல்வது ஒரு இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கான பாதை. பல இடங்களுக்கான மரம் என்றால், ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த வாசலைச் சொல்ல, நடுவில் கம்பி பகிராமல் போய்விடும். கோவை, சத்தி, கோபிக் கணக்கு இங்கே திரும்பவும் வருகிறது. 2014-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 7334 இதை இரண்டாகப் பிரிக்கிறது. முதலில் எல்லை ரவுட்டர்களை மட்டும் வைத்து ஒரு நடுமரம். அது போய்ச் சேர வேண்டிய நெட்வொர்க்குகளின் வாசலோடு நின்றுவிடும். பிறகு ஒவ்வொரு நெட்வொர்க்கும் தன் வாசலிலிருந்து உள்ளே தன் கிளையை ஒட்டிக்கொள்ளும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒருவர் தன் ஊருக்குள் நாலு வீட்டைச் சேர்த்தாலும் எடுத்தாலும் மற்றவர் மரத்தை அது அசைக்கக் கூடாது என்று வைத்திருப்பது. நள்ளிரவில் எனக்குப் போன் வராது.

குறையும் இருக்கிறது. நடுமரம் சிறந்தது என்றால் எல்லைகளுக்கு நடுவே மட்டும் பார்த்தால் சிறந்தது. உள்ளே 11-ஆ 4-ஆ என்பதையும் சேர்த்து மொத்தத்தில் அதுவே மலிவு என்று உத்தரவாதம் இல்லை. அந்த ஆவணமே சோதனை நிலை என்ற வகையில்தான் வந்தது. எங்கள் மாதிரி மூன்று நான்கு பேருக்குள் நடக்கிற சேவைக்கு ஒரு டீ குடித்துக்கொண்டே வாசல் எண்களைக் கேட்டு எழுதிக்கொள்வது போதும். நான் அப்படித்தான் செய்தேன். அவர் எண்களைச் சொல்ல இரண்டு டீ ஆயிற்று, ‘எதுக்குக் கேக்கறீங்க’ என்பதற்கே ஒன்று போயிற்று. அடுத்த திருவிழாவில் ஒரு போன்கூட வரவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த படத்தில் கிளை பிரியப் பிரிய அம்புகள் மெலிந்துகொண்டே போகின்றன. திருத்தம் போடுவதாக இருந்தால் ஓவியரிடம் எல்லா அம்பையும் ஒரே தடிமனில் வரையச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கேபிள்காரர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.