குழுத் திட்டப்பணிக்கு முன் ஒரு தனித் திட்டப்பணி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் மாணவர்களின் வடிவமைப்புத் திட்டப்பணிகள் அனைத்தையும் குழுப்பணிகளாகவே அமைத்துவிடலாம் என்று தங்கள் இதழில் வெளியான கட்டுரை வாதிட்டிருந்தது. தொழிற்சாலையில் எவரும் தனியாக எதையும் வடிவமைப்பதில்லை என்பது அக்கட்டுரை முன்வைத்த முதன்மையான காரணம். அது உண்மைதான். ஆனாலும் அந்த உண்மையிலிருந்து அத்தகைய முடிவுக்கு வர இயலாது என்பதே இறுதியாண்டுத் திட்டப்பணிகளை நெடுங்காலமாக வழிநடத்திவரும் என் கருத்து.

சிறியதொரு கியர்பாக்ஸை ஒரு மாணவர் தனியாக வடிவமைப்பதாகக் கொள்வோம். பற்சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் தண்டின் விட்டம் 27 மி.மீ. இருந்தால் போதும் என்று கணக்கு சொல்கிறது. அந்தத் தண்டைச் சுழலவிட்டுத் தாங்கும் பேரிங்குகளில் சந்தையில் எளிதாகக் கிடைப்பவற்றின் உள்விட்டமோ 25 அல்லது 30 மி.மீ. 30ஐத் தேர்ந்தால் பேரிங்கின் வெளிவிட்டமும் கூடி, அடுத்த தண்டின் பேரிங்கோடு இடிக்கக்கூடும்; அப்போது பற்சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கையையோ, பல்லின் அளவைக் குறிக்கும் மாட்யூலையோ மாற்றித் தண்டுகளுக்கு இடையிலான தொலைவைக் கூட்ட வேண்டும்; அதனால் உறை பெரிதாகும், எடை கூடும், முதலில் ஏற்றுக்கொண்ட எடை வரம்பு மீறப்படும். மாணவர் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து மீண்டும் கணக்கிடுகிறார். ஒரு முடிவு மற்ற முடிவுகளை எப்படி அசைக்கிறது என்பதை இந்தச் சுற்றில்தான் ஒருவர் கற்றுக்கொள்கிறார். இதே பணியை நால்வரிடம் கொடுத்தால், ஒருவர் பற்சக்கரத்தையும், ஒருவர் தண்டையும், ஒருவர் கணினி வரைபடத்தையும் எடுத்துக்கொள்ள, நான்காமவர் அறிக்கையைத் தட்டச்சு செய்கிறார். அந்த நான்காமவர் ஒரு கணக்கையும் போடாமலேயே வடிவமைப்புப் பாடத்தில் தேறிவிடுகிறார் என்பது எனக்கு உண்மையான கவலை.

இதனால் குழுப்பணி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனித் திட்டப்பணியால் ஒருபோதும் கற்றுத்தர முடியாத ஒன்று அதில் இருக்கிறது: இருவருடைய பொறுப்புகள் சந்திக்கும் இடத்தில் நேரும் தவறு. 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி நகரில் ஹையாட் ரீஜென்சி விடுதியின் தொங்கு நடைபாதைகள் இடிந்து விழுந்து 114 பேர் உயிரிழந்தனர். கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி நான்காம் தளத்து நடைபாதையையும் அதன் கீழே இரண்டாம் தளத்து நடைபாதையையும் தாங்க வேண்டும் என்பது முதல் வடிவமைப்பு. நீண்ட கம்பியில் மரை வெட்டும் சிரமத்தைத் தவிர்க்க அது இரு கம்பிகளாகப் பிரிக்கப்பட்டபோது, கீழ் நடைபாதை மேல் நடைபாதையின் உத்திரத்திலிருந்தே தொங்கத் தொடங்கியது. மேல் உத்திரத்தைத் தாங்கிய நட்டின் மீது ஏறக்குறைய இருமடங்கு சுமை வந்தது. முதல் வடிவமைப்பே விதிகள் கோரிய வலிமையை எட்டவில்லை என்பதும் விசாரணையில் தெரியவந்தது. வரைபடங்கள் பொறியாளரின் முத்திரையோடு ஒப்புதல் பெற்றிருந்தும், மாற்றப்பட்ட அந்த இணைப்பை எவரும் மீண்டும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. மற்றவர் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதை மாணவர் குழுவாக வேலை செய்யும்போதுதான் உணர முடியும். ஆனால் சக மாணவர் தரும் வரைபடத்தைச் சோதிக்க வேண்டுமானால், அப்படியொரு வரைபடத்தை முழுமையாகத் தானே ஒருமுறை உருவாக்கிய அனுபவம் வேண்டும். ஆகவேதான் தனித் திட்டப்பணி முன்னதாக வர வேண்டும் என்கிறேன். பொறியியல் பட்டங்களின் பரஸ்பர அங்கீகாரத்துக்காக 1989இல் உருவான வாஷிங்டன் உடன்படிக்கையும், பட்டதாரிகளிடம் தனியாகவும் குழுவிலும் செயல்படும் திறன் இரண்டையும் எதிர்பார்க்கிறது.

மதிப்பெண் வழங்கும் முறையும் மாற வேண்டும். கயிறு இழுப்பவர்களின் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொருவரும் செலுத்தும் விசை சராசரியாகக் குறைவதை, பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் 1913இலேயே பதிவு செய்துவிட்டார். குழுவினர் அனைவருக்கும் ஒரே மதிப்பெண் என்ற வழக்கம் அந்தத் தளர்வுக்குத் துணைபோகிறது. அதைவிட, இரவெல்லாம் விழித்து வேலை செய்த மாணவரின் உழைப்புக்கு அது அநீதி இழைக்கிறது.

என் பரிந்துரை இது. குழு முதன்முறை கூடுவதற்கு முன், உறுப்பினர் ஒவ்வொருவரும் அதே சிக்கலுக்குத் தம் சொந்தத் தீர்வை, தோராயமான கணக்குகளோடும் கையால் வரைந்த படத்தோடும் எழுதித் தர வேண்டும். குழு அவற்றில் ஒன்றைத் தேர்ந்து, மற்றவற்றை ஏன் ஒதுக்கியது என்பதைப் பதிவு செய்து, அதன் பிறகே வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம். இறுதி வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒவ்வொருவரிடமும் அவர் செய்யாத பகுதியைப் பற்றியே முதல் கேள்வி கேட்கப்பட வேண்டும். ஆசிரியர்களுக்கு இது கூடுதல் சுமைதான்; அறுபது பக்க அறிக்கையைப் புரட்டும் நேரத்தைக் குறைத்து, அந்த நேரத்தை மாணவரோடு நேரில் பேசுவதற்குக் கொடுத்தால் பெரும்பகுதி ஈடாகிவிடும் என்பது நான் பின்பற்றிப் பார்த்த வழி.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
இயந்திரப் பொறியியல் ஆசிரியர்